நாற்பத்து மூன்று சுளகுகள்

பாளையங்கால்வாய், மேலப்பாளையம்,
மேல்கரையில் முந்நூற்று இருபது மீட்டர்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.
மதரசா கூடத்தில் வரைபடத்தை விரித்தேன்.
மூலைகள் சுருளாமலிருக்க
நாலு பீடியிலைக்கட்டு வைத்தார்கள்.

ரகுமத் நிஷா குனிந்தாள்.
‘இது யாரு?’
அரைக்கால்சட்டையில் ஓடும் பொன்முடிக்காரி.
‘இது?’
கையில் வார், வாரின் நுனியில் நாய்.
மென்பொருளோடு இலவசமாக வந்த மனிதர்கள்.
கரை ஆளற்றுக் கிடக்கிறதே என்று
இரவு இரண்டு மணிக்கு நான்தான் ஒட்டினேன்.
‘இவங்கள்லாம் எந்தத் தெருவு?’
கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன்,
கொஞ்சம் தாமதமாக.

அப்புறம் காற்று.
சாரல் நாளில் ஆரியங்காவுக் கணவாய் வழியே
இறங்கி வரும் காற்றுக்கு
ஒரு பாதை திறந்து வைத்திருந்தேன்,
நீல அம்புக்குறிகளோடு.
பரிசு ஏதும் கிடைக்கலாம் என்று
மனசின் ஓரத்தில் ஒரு நினைப்பு.

‘காத்தா? ஐயோ வேண்டாம்மா.’
செய்யதலி பாத்திமா சுற்றிக்கொண்டிருந்த பீடியை
நூல் கட்டி முடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னாள்:
‘தூளு பறந்துரும். எடை கொறஞ்சா
கடையில கழிச்சுப் போடுவான்.
காது உசரத்துக்கு ஒரு மறைப்பு வையி.
பொறவு ஒன் காத்து எங்க வேணாலும் போட்டும்.’

யாருடைய காது?
அளவுநாடாவோடு தரையில் தவழ்ந்தேன்.
சம்மணம் போட்டு, மடியில் சுளகு வைத்து,
குனிந்திருப்பவளின் காது:
எழுபத்து நாலு சென்டிமீட்டர்.
எந்தக் கையேட்டிலும் இல்லாத எண்.

அன்றிரவு பொன்முடியை அழித்தேன்.
நாயை அழிக்க மட்டும் கொஞ்சம் யோசித்தேன்.
உங்களைப் படமெடுத்து ஒட்டட்டுமா என்றதற்கு,
‘மொகம் வேண்டாம். சுளகைப் போட்டுக்கோ.
அவ அவ சுளகு அவ அவளுக்குத் தெரியும்.’
அதனால்தான் நாற்பத்து மூன்று.
ஒன்றின் விளிம்பில் பச்சை நைலான் கயிறு.
ஒன்றில் பாதி தேய்ந்த கட்சிச் சின்னம்.
ஒன்று மட்டும் நாலடி தள்ளி:
மதினியோடு பேச்சில்லாதவளுடையது.
அந்த நாலடியையும்
அளவு பிசகாமல் வரைந்தேன்.

மாநகராட்சியில் உதவிப் பொறியாளர் பிச்சுமணி
பென்சில் முனையால் எண்ணிக்கொண்டே போனார்.
மதிப்பீடு வந்தது:
‘வாயகன்ற கிரானைட் பூந்தொட்டி, 43 எண்ணம்,
செம்மண், எரு, செடி உட்பட.’

அதை நீக்க மூன்று மாதம்.
பதினோரு கடிதம்.
பூச்செடி மேல் எனக்கு என்ன விரோதம் என்று
ஒரு கூட்டத்தில் கேட்டார்கள்.
நாற்பத்திரண்டை எடுத்தாயிற்று.
மாதிரிக்கென்று முன்பே வாங்கிய ஒன்றை
எந்தத் தலைப்பில் திருப்பியனுப்புவது என்று தெரியாமல்
கரையிலேயே இறக்கிவிட்டார்கள்.

கால்வாயில் தண்ணீர் விட்ட பின், ஆனியில் போனேன்.
மறைப்புச் சுவர் சரியாக எழுபத்து நாலில் நிற்கிறது.
அதன் பின்னால் ஓர் ஆடு,
செவ்வாய்ச் சந்தைக்கு வந்து விலைபோகாததாக இருக்கும்,
காற்றுப் படாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அவர்கள் இருபதடி தள்ளிப் புங்கமரத்தடியில்.
நான் வரைந்தது காலைப் பத்து மணி நிழல்.
பத்து மணிக்கு அவர்களுக்கு உலை கொதிக்கும்.
நாலு மணி நிழல் விழுவது அங்கே.
காற்றுக்கு? திட்டத்தின் பெயர்ப்பலகையைப் பிடுங்கி
நாலு செங்கல் அண்டக்கொடுத்துச் சாய்த்திருந்தார்கள்.
நிதியளித்தவர்களின் பெயருக்கு அடியில்
என் பெயரும் படுக்கையாக நின்று
தூள் பறக்காமல் பார்த்துக்கொண்டது.

தொட்டியில் செம்மண் இல்லை, செடியில்லை.
விளிம்பு வரை தண்ணீர்,
அதில் மறுநாளைக்கான இலைக்கட்டுகள்
ஊறிக்கொண்டிருந்தன.

ரகுமத் நிஷா இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னாள்.
‘இந்தத் தொட்டி நல்லாருக்கு கேட்டியா.
இன்னும் ரெண்டு கெடைக்குமா?’